பாருக்குக் கீழே

சைக்கிளின் மேல்பார், சீட்டிலிருந்து இறங்கும் பைப், ஹேண்டிலிலிருந்து பெடல் அச்சுக்குச் சரியும் பைப். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு முக்கோண வெற்றிடம் இருக்கிறது. அதற்கென்று ஒரு பெயரை நான் கேட்டதில்லை. ஆனால் சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத வயதில் பெரிய சைக்கிளை எடுத்தவர்கள் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். வலது காலை அதற்குள் நுழைத்து, இடுப்பை ஒருபக்கமாக ஒடித்து, குரங்கு பெடல் அடித்துத்தான் ஓட்டப் பழகினோம்.

அந்த இடத்தில் ஒரு டேங்க் வைக்க வேண்டும் என்று போன வருஷம் என் அக்கா மகன் கேட்டான். பெட்ரோல் டேங்க் மாதிரி இருக்கணும், ஆனால் பெட்ரோல் வேண்டாம். முன்னும் பின்னும் சக்கரத்தைப் பாதி மூடுகிற மாதிரி அகலமான மட்கார்டு வேண்டும். ஒன்பதாவது படிக்கிறான். பைக் கேட்கிற வயசு. வாங்கித் தர முடியாத வீடு.

பிரேம் மட்டும் வீட்டில் இருந்தது. அம்மாவின் சைக்கிள். கறுப்பு ஜென்ட்ஸ் சைக்கிள், 22 இஞ்ச் பிரேம், 28க்கு ஒன்றரை டயர், கம்பி பிரேக். அம்மாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. மணமேல்குடியில் இரும்பைச் சும்மா போட்டு வைக்க முடியாது. கடல் காற்று இரவிலும் வேலை செய்யும். இன்னும் ரெண்டு மழைக்காலம் போனால் பழைய இரும்புக்காரர்கூட யோசிப்பார் என்று அக்கா சொன்னாள். எனக்கு அதை எடைக்குப் போடவும் மனசில்லை, வெட்டி ஒட்டவும் மனசில்லை. காரணம், அது வெறும் சைக்கிள் இல்லை.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அம்மா தொண்டராகப் போனார். சாயங்காலம் பக்கத்துத் தெருவில், அப்புறம் பக்கத்து ஊரில், கூலி வேலை முடித்து வரும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை. சம்பளம் கிடையாது. பஸ்ஸை நம்பினால் வகுப்பு நடக்காது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் தனியாக நினைத்த இடத்துக்குப் போய்வருவதும் கல்விதான் என்று சைக்கிள் பயிற்சியை இயக்கத்தோடு சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகளைக் கடன் கொடுக்க வைத்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத், ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ (1996) புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் தாங்கள் கற்றுக்கொண்டதைப் பொதுப் போட்டிகளில் ஓட்டிக் காட்டினார்கள் என்கிறார். 1992 சர்வதேசப் பெண்கள் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டிலில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் போனார்கள்.

அதே கட்டுரையில் எனக்குப் பிடித்த விவரம் வேறு. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பியும் வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா!

லேடீஸ் சைக்கிள் ஏன் பார் இல்லாமல் இருக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் நீளப் பாவாடைக்காக எடுத்தார்கள். பொறியியல்படி அது நஷ்டம். மூன்று கம்பியை முக்கோணமாக இணைத்தால் எந்தப் பக்கம் அழுத்தினாலும் வடிவம் மாறாது; நான்கு கம்பியில் சதுரம் செய்தால் சாய்ந்துவிடும். மேல்பாரைக் கீழே இறக்கிய பிரேம் அதே உறுதிக்குக் கூடுதல் இரும்பு கேட்கும். எங்கள் மாவட்டத்துப் பெண்கள் புடவையோடு பாரைத் தாண்டி ஏறினார்கள். உறுதியும் கிடைத்தது, பிள்ளைக்கு இடமும் கிடைத்தது. அம்மாவின் பாரில் முதலில் உட்கார்ந்தது ரெண்டு வயது அக்கா. பிறகு நான். பாருக்குக் கீழே ஒரு துணிப்பை தொங்கும். அதில் அறிவொளிப் பாடப்புத்தகம், சாக்பீஸ், டார்ச் லைட்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். “சரி மாமா, அப்ப டேங்க்?” என்றான்.

அவன் ஆசை புதிதில்லை. ஆரம்பகால மோட்டார் சைக்கிள்கள் பலவும் சைக்கிள் பிரேமில் இன்ஜினைக் கட்டியவைதான். பெட்ரோலுக்கு இடம் தேடியபோது பாருக்குக் கீழே தட்டையான ஒரு டேங்கைத் தொங்கவிட்டார்கள். பிறகு அதே டேங்க், பெட்ரோல் இல்லாமல், சைக்கிளுக்கே திரும்பி வந்தது. அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சிக் காலம். சிகாகோவின் ஷ்வின் கம்பெனி 1933-ல் 2.125 இஞ்ச் பருத்த டயர் போட்ட சைக்கிளைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ‘ஏரோசைக்கிள்’ என்ற மாடலில் பாருக்குக் கீழே ஒரு பொய் டேங்கை வைத்தது. மோட்டார் சைக்கிள் வாங்க முடியாத பையன்களுக்கு அதன் உருவத்தையாவது கொடுத்த வியாபாரம். தொண்ணூறு வருஷம் கழித்து அந்தப் பையன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் படம் காட்டிக்கொண்டிருந்தான்.

முடிவை அம்மாவிடம் விட்டோம். அம்மா அதிகம் யோசிக்கவில்லை.

“அது என்ன சாமி செலையா, தொடக்கூடாதுங்கிறதுக்கு? என்ன வேணும்னாலும் செய்யி. கால் நொழையிற எடத்த மட்டும் அடைக்காத. நாளைக்கு ஒரு சின்னப் புள்ள ஓட்டணும்ல.”

இந்த ஒரு நிபந்தனைதான் வேலை முழுவதையும் தீர்மானித்தது. டேங்க் முக்கோணத்தை நிரப்பக் கூடாது. பாரை ஒட்டி நாலு இஞ்ச் ஆழம்தான், அதற்குக் கீழே இடம் காலியாக இருக்க வேண்டும். அகலம் கூடினால் ஓட்டும்போது தொடை உரசும், அதனால் இரண்டரை இஞ்சில் நிறுத்தினோம். பின் பிரேக்கின் கம்பி சரிவான பைப்பை ஒட்டிக் கீழே போகும்; அதையும் தொடக் கூடாது. பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து நாலு தடவை வெட்டிப் பார்த்துத்தான் ஒரு வடிவம் வந்தது. டிங்கர் வேலை செய்யும் அண்ணன் அதை 22 கேஜ் தகட்டில் வெட்டி, விளிம்பை மடக்கிப் பற்றவைத்தார்.

டேங்கை பிரேமில் நேராக வெல்டிங் வைத்துவிடலாமே என்று கேட்டான் பையன். அண்ணன் மறுத்துவிட்டார். இந்த வகை பிரேமில் பைப்புகளை மூட்டுக்குள் செருகி, பித்தளையை உருக்கி ஒட்டியிருப்பார்கள். பைப்பின் சுவர் மெல்லிசு. அதில் கரண்ட் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும், இல்லாவிட்டால் அந்த இடம் பலமிழந்து ஒருநாள் விரியும். “பொட்டிக்காக வண்டிய கொல்லக் கூடாதுய்யா” என்றார். பழைய ட்யூப் ரப்பரைச் சுற்றி, நாலு பட்டை கிளிப் போட்டு இறுக்கினோம். நினைத்தால் கழற்றிவிடலாம்.

பருத்த டயர் போட முடியாது என்பதும் அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அந்த டயருக்கு 26 இஞ்ச் ரிம் வேண்டும். ரிம் சின்னதானால் கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மைத் தொடாது. டயர் பழையபடியே இருக்க, மட்கார்டு மட்டும் புதிது என்று முடிவானது.

எங்கள் பக்கம் சைக்கிளில் முதலில் போவது மட்கார்டுதான். மீன் பெட்டி கட்டுகிறவர்களின் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் கேரியர் வழியாக ஒழுகிப் பின் மட்கார்டைத் தின்றுவிடும். மற்ற வண்டிகளில் உள்பக்கம் ஒட்டிய சேறு உப்பை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளிருந்து அரிக்கும். அம்மா வண்டியின் முன் மட்கார்டு கையோடு வந்துவிட்டது. பின்னது தப்பியிருந்தது. டீசல் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்தபோது அதன் இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. துரு தின்ற ஓட்டை இல்லை. ஒரே அளவு, ஒரே இடைவெளி.

“பட்டி வச்சு அடைச்சிரலாம்” என்றார் அண்ணன்.

பையன் போய் அம்மாச்சியிடம் கேட்டுவிட்டு வந்தான். புடவை ஸ்போக்ஸ் கம்பியில் சிக்காமல் இருக்க அம்மா போட்ட ஓட்டைகள் அவை. லேடீஸ் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு நூல்வலை வரும். ஜென்ட்ஸில் வராது. அம்மா ஆணியை வைத்து அடித்து ஓட்டை போட்டு, கடற்கரையில் கிடந்த நைலான் வலைத் துண்டை மட்கார்டிலிருந்து அச்சு வரைக்கும் இழுத்துக் கட்டியிருக்கிறார். கலெக்டரும் சொல்லவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. ஆணுக்காகச் செய்த வண்டியைத் தன் உடம்புக்கும் உடுப்புக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டார்.

வெட்டி ஒட்டக் கூடாது என்று நான் காப்பாற்ற நினைத்த வண்டி, ஏற்கெனவே வெட்டி ஒட்டிய வண்டிதான். சாய்நாத் எழுதிய அந்த ஊர்வலத்தில் போன சைக்கிள்களிலும் இப்படி எத்தனை இருந்திருக்குமோ. சீட்டை இறக்கியது, பாரில் துண்டைச் சுற்றியது, ஹேண்டிலில் பையைக் கட்டியது. சரித்திரம் என்று நாம் சொல்வதற்குள் இந்த மாதிரி ஆணி ஓட்டைகள் நிறைய இருக்கின்றன. அவை படத்தில் விழுவதில்லை.

பையன் ஓட்டைகளை அடைக்க விடவில்லை. ஒவ்வொன்றையும் குச்சி விட்டுச் சுத்தம் செய்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட் பூசினான். அகல மட்கார்டு முன்சக்கரத்துக்கு மட்டும் போதும் என்று அவனே சொன்னான். முன்னுக்கும் பின்னுக்கும் ஜோடி சேரவில்லை என்று அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நிறம் ஆலிவ் பச்சை. டேங்கில் எந்தப் பெயரும் எழுதவில்லை. மேல்பக்கம் கீல் வைத்த ஒரு மூடி இருக்கிறது. அது அம்மா கேட்டது. “காலிப் பொட்டிய எதுக்குடா சுமந்துக்கிட்டுத் திரியிற?”

வண்டி இப்போது ஓடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பைக் மாதிரி இல்லை, டேங்க் வைத்த சைக்கிள் மாதிரிதான் இருக்கிறது. பையன்களுக்கு அது போதும். டீக்கடையில் நிறுத்தினால் சுற்றி நிற்கிறார்கள். மாதம் ஒரு நாள் அம்மா கேரியரில் உட்கார்ந்து அரசு ஆஸ்பத்திரிக்குச் சுகர் மாத்திரை வாங்கப் போகிறார். அன்றைக்கு டேங்குக்குள் பஞ்சர் ஒட்டும் சாமானும் அவனுடைய சார்ஜரும் ஓரமாகத் தள்ளப்படும். அம்மாவின் மருத்துவமனைச் சீட்டும் கண்ணாடியும் உள்ளே போகும். இறங்கியதும் அம்மாதான் மூடியைத் திறப்பார். சீட்டில் தேதியைப் படித்துப் பார்த்துவிட்டு வரிசையில் போய் நிற்பார்.