அளவறிந்த கை

கல்வி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் ஏடும் எழுதுகோலும் தோன்றுகின்றன. அரமும் குறடும் தோன்றுவதில்லை. ஏடு மேன்மக்களுக்கு உரியது, அரம் கல்வி கைவராதவர்களின் பிழைப்பு என்ற எண்ணம் நம் இல்லங்களில் எப்படியோ வேரூன்றிவிட்டது. ஆனால் நாம் ஓதிய மொழிகள் இரண்டுமே இந்தப் பாகுபாட்டை ஏற்கவில்லை. அறபியில் கொல்லனின் வேலைக்கும் ‘ஸினாஅத்’ என்றே பெயர். கவி புனைதலுக்கும் ‘ஸினாஅத்’ என்றே பெயர். உரைநடையையும் கவிதையையும் ஆராய்ந்து அபூ ஹிலால் அல் அஸ்கரீ எழுதிய நூலின் பெயருக்கு ‘இரு தொழில்கள்’ என்பதே பொருள். தமிழிலோ, மரத்தின் கோட்டத்தைத் தச்சனின் நூல் தீர்ப்பது போல மாந்தரின் மனக்கோட்டத்தைப் புலவரின் நூல் தீர்க்கிறது என்று நன்னூலில் பவணந்தியார் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டுகிறார்.

கோட்டம் என்னும் அந்த நல்ல சொல் படித்தவர் நாவில் இன்று அருகிவிட்டது. சைக்கிள் கடையில் மட்டும் அது உயிரோடு உலவுகிறது. “சக்கரத்தில் கோட்டம் எடுக்க வேண்டும்” என்று சொல்லாத சைக்கிள் கடைக்காரர் எங்கள் பக்கத்தில் இல்லை.

எங்கள் பக்கம் என்பது வருசநாடு. தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை எனச் செல்லும் சாலை மலையடிவாரத்தை அணுகும் இடத்தில் இருக்கிறது. மூலவைகை இம்மலைகளிலேதான் பிறக்கிறது. இலவம்பஞ்சுக்கும் தென்னைக்கும் பேர்போன பூமி. பேருந்துகள் குறைவாக ஓடிய காலத்தில் இப்பள்ளத்தாக்கின் பாரத்தைச் சுமந்தது சைக்கிளே. என் அத்தா தம் ராலே சைக்கிளின் கேரியரில் பஞ்சு மூட்டையைக் கட்டிக்கொண்டு வியாபாரத்துக்குச் செல்வார். மூட்டையின் அகலத்தில் வண்டியும் மனிதரும் மறைந்துபோவர். பஞ்சு தானே உருண்டு செல்வது போலிருக்கும்.

அந்த வண்டி இன்று என் வீட்டுத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஓதிக்கொடுக்கும் வேலை இல்லாத நாள்களில் அஸர் தொழுகைக்குப் பின் அதனோடு சிறிது நேரம் கழிப்பது என் வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கோன்களையும் பால்ரஸ்களையும் கிரீஸ் வைத்துப் பூட்டுவேன். ஓவராயில் என்று கடைக்காரர்கள் சொல்லும் வேலை இதுதான். பிறகு அக்கம்பக்கத்தாரின் பழைய வண்டிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பிரேக்குக்குக் கயிறு இல்லாமல் இரும்புத் தண்டுகளே உள்ள ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் அவை. 1949-ல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் செய்து நாடெங்கும் அனுப்பிய வண்டிகள். அரை நூற்றாண்டு கடந்தும் அவற்றின் சட்டம் வளையவில்லை. துருவை நீக்கினால் புதுமுகம் காட்டுகின்றன.

இவ்வேலைகளுள் எனக்கு மிகவும் உவப்பானது கோட்டம் எடுத்தலே. இப்பழைய வண்டிகளின் முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்தில் 40 கம்பிகள். ஒரு கம்பி வளையத்தை வலப்புறம் இழுக்கும். அடுத்தது இடப்புறம் இழுக்கும். இரு புறமும் சம வலிமையோடு இழுப்பதனாலேயே சக்கரம் நேராக நிற்கிறது. சாக்குக்கட்டி ஒன்றை வளையத்தின் அருகே அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினால், கோணலான இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். கோடு இடப்புறம் விழுந்தால் அவ்விடத்து வலப்புறக் கம்பியைச் சற்று முறுக்கி, இடப்புறக் கம்பியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. அவசரப்பட்டு ஒரே கம்பியை இறுக்கினால் அந்த இடம் நேராகும், எதிர்ப்புறம் கோணும். எனக்கு இதைக் கற்றுத்தந்த கடைக்கார அண்ணன் பள்ளிக்கூடம் சென்றறியாதவர். விரல் நுனியால் கம்பியைச் சுண்டி, அதன் ஓசையைக் கொண்டே இறுக்கத்தைச் சொல்லிவிடுவார். தஜ்வீது ஓதிக்கொடுக்கும் உஸ்தாது மாணவனின் ஒரே ஓர் எழுத்தில் பிழையைப் பிடிப்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

“ஹஜ்ரத், கிதாபு பிடிக்கும் கையில் கிரீஸ் எதற்கு?” என்று ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் ஒருநாள் கேட்டார். நல்லெண்ணத்தோடு கேட்ட கேள்விதான். பொழுதை வீணாக்குவது நமக்கு ஆகாது என்பதும் உண்மையே. ஆதலால் அதற்கு விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு.

நபி தாவூது (அலை) அவர்கள் அரசர்; வேதம் அருளப்பெற்றவர். அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், அவர்கள் போர்க்கவசம் செய்ததையும் திருமறை சொல்கிறது. கவசத்தின் வளையங்களை அளவறிந்து கோக்கும்படி அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையும் அங்கேயே இருக்கிறது. வளையம் பெரிதானால் அம்பு நுழையும். சிறிதானால் அணிந்தவர் கையை அசைக்க இயலாது. கை உழைப்பால் உண்ணும் உணவைவிடச் சிறந்த உணவில்லை என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லும்போது எடுத்துக்காட்டாகக் காட்டியதும் தாவூது நபியவர்களையே.

நம் இமாம்களின் பெயர்களைப் பாருங்கள். ஹனபி சட்ட மேதை அல் கஸ்ஸாப், செருப்புத் தைத்து உண்டவர். அவர் பெயருக்கே அத்தொழில்தான் பொருள். வக்பு பற்றிய சட்டங்களை இன்றும் அவர் நூலில் தேடுகிறோம். அல் ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணச்சாந்து வேலைக்காரர். ஹிஜ்ரி 417-ல் மறைந்த ஷாபிஈ இமாம் அபூபக்கர் அல் கப்பால் பூட்டுச் செய்பவராக இருந்தவர். சாவியோடு சேர்த்து நான்கு தானிய மணிகளின் எடைக்கு மேற்படாத ஒரு பூட்டை அவர் செய்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஏறத்தாழ முப்பதாம் வயதில்தான் அவர் பிக்ஹு ஓத அமர்ந்தார். மணி எடையில் பூட்டுச் செய்யப் பழகிய கண்ணுக்குச் சட்டத்தின் நுணுக்கம் புலப்பட்டதில் வியப்பென்ன? தியார்பக்கிரில் அர்துக்கு அரசர்களிடம் பணியாற்றிய அல் ஜஸரீ 1206-ல் முடித்த பொறிநூலில் யானைக் கடிகாரம் முதலிய பல கருவிகளை, பிறரும் செய்து பார்க்கும்படி உறுப்பு உறுப்பாக அளவு சொல்லி விளக்கியிருக்கிறார்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களே 1903-ல் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். நம் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளிலேயே விட்டவர். மோட்டார் சைக்கிள் ஒன்றன் மீது ஆசை கொண்டு, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டிப் பார்த்துப் பொறியியலைக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தோடு தொடங்கி, பின்னர் பெரிய தொழிலகங்களையும் தொழிற்பயிற்சிக் கூடங்களையும் கண்டார். ஆசைக்காகக் கழற்றிய ஒரு வண்டி ஓர் ஊரின் வரலாற்றில் இடம்பெற்றது.

கைவேலை ஆசைக்கும் அளவு உண்டு. அதனை எங்கள் பள்ளத்தாக்கின் ஜீப்புகளில் காண்கிறோம். கம்பம், போடி வட்டாரத்திலிருந்து மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாள்களைக் கொண்டு செல்பவை அவை. இந்த ஜீப்பை நம் நாட்டில் பரப்பிய நிறுவனம் 1945-ல் தொடங்கியபோது அதன் பெயர் மஹிந்திரா அண்டு முஹம்மது. பங்காளியான குலாம் முஹம்மது பிரிவினைக்குப்பின் பாக்கிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிடவே, 1948-ல் பெயர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்றாயிற்று. பழைய ஜீப்பைப் பிரித்து, உறுப்புகளைத் தேடிச் சேர்த்து மீண்டும் ஓடச் செய்யும் இளைஞர்கள் இங்கே உண்டு. அவர்கள் திறமையைப் போற்ற வேண்டும். ஆனால் அழகுக்காகச் சக்கரத்தைப் பெரிதாக்குவதும், இருக்கை கூட்டுவதற்காகப் பின்புறத்தை நீட்டுவதும் வேறு வேலை. அச்சும் பிரேக்கும் ஒரு குறிப்பிட்ட எடைக்கும் உயரத்துக்கும் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. ஏற்றத்தில் தெரியாத குறை இறக்கத்து வளைவில் தெரியும். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வளையங்களை அளவறிந்து கோக்க வேண்டும் என்பதன் பொருள் இங்கே விளங்கும்.

பட்டறை ஆண்களுக்கே உரியது என்றும் எண்ண வேண்டியதில்லை. உத்தமபாளையத்தில் இருக்கும் என் தங்கை மகள் வீட்டிலிருந்தபடியே வெள்ளியில் அணி செய்யக் கற்றிருக்கிறாள். வரிசையாகத் துளையிட்ட எஃகுப் பலகையில், பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு மாற்றி மாற்றி இழுத்து வெள்ளிக் கம்பியை மெலிய வைக்கிறாள். இடையிடையே அனலில் காட்டிக் கம்பியைப் பதப்படுத்த வேண்டும்; இல்லையேல் ஒடிந்துவிடும். பற்றவைக்கும் இடத்தில் வெங்காரம் பூசி, பற்றுப்பொடி வைத்து, குழலால் ஊதுகிறாள். பொடி வைத்து ஊதுதல் என்று நாம் பேச்சில் வழங்கும் தொடரின் நேர்ப்பொருளை அன்றுதான் கண்ணால் கண்டேன். ஓர் இமைப்பொழுது கூடுதலாக ஊதினால் பற்று மட்டுமன்றி அணியும் உருகிவிடும். ஆணுக்குத் தங்கம் ஆகாது, வெள்ளி மோதிரம் ஆகும் என்று நாம் படித்திருக்கிறோம். அவள் செய்து தந்த மோதிரம் என் விரலில் இருக்கிறது. “மாமு, கடை மோதிரம் போலப் பளபளப்பாக இல்லையே?” என்றாள். கடையில் வாங்கியதை யார் செய்தார் என்று நான் அறிய மாட்டேன்; இதை அறிவேன்.

இனி என் கவலையைச் சொல்கிறேன். எனக்குத் தொழில் காட்டிய அண்ணனின் கடை இன்று இல்லை. அவர் மறைந்தபின் பல ஆண்டுகள் கைபட்டுத் தேய்ந்த கருவிகள் பழைய இரும்பின் எடைக்குச் சென்றன. அவரிடம் தொழில் பழக ஒரு பிள்ளையும் வரவில்லை. அவர் பிள்ளைகளே வரவில்லை, அவரும் அழைக்கவில்லை. “இந்தக் கறுப்பு என் கையோடு போகட்டும் ஹஜ்ரத்” என்றே அவர் சொல்வார். வண்டிகளோ நகரத்து உணவு விடுதிகளின் சுவரில் அலங்காரமாகத் தொங்குகின்றன. அழகாக வண்ணம் பூசியிருக்கிறார்கள், சக்கரம் சுழலாது. பழம்பொருளைப் பேணுதல் என்றால் பொருளை மட்டும் பேணுவதன்று. அதைச் சுழலவைக்கும் கையையும் பேணுவதாகும். கை இல்லாத வண்டி, ஓதுவோரில்லாத ஏட்டுச்சுவடி போன்றதே.

நம் வீடுகளில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போகிறேன் என்றால், ஒரு மையித்து விழுந்தது போல் வீடு அமைதியாகிவிடுகிறது. விருப்பமில்லாத பட்டம் ஒன்றை வாங்கிவிட்டு, வேலை தேடிச் சலித்திருக்கும் இளைஞர்கள் எத்தனை பேரை நாம் காண்கிறோம்! மத்ரஸாவில் ஓதி முடித்து இமாமத்துக்குச் செல்லும் எங்கள் மாணவர்களோ சிறு சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறார்கள். அல் கஸ்ஸாபும் அல் கப்பாலும் பிறர் முகம் பார்க்காமல் மார்க்கம் சொன்னவர்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அவர்களுடைய கையை மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆதலால் நான் கேட்பது சிறியதே. வீட்டுக்கு ஒரு கருவிப்பெட்டி இருக்கட்டும். வாரத்தில் அரைநாள், பிள்ளையின் கையில் அவன் தாத்தாவின் சைக்கிளையோ பழுதான மின்விசிறியையோ கொடுங்கள், பெண்பிள்ளைக்கும் கொடுங்கள். மத்ரஸாக்களில் வாரம் ஒரு பொழுது, ஊரிலுள்ள தொழிலாளி ஒருவரை உஸ்தாதாக அமர்த்தி, உரிய மரியாதையும் ஊதியமும் தந்து, அவரிடம் மாணவர்களை அமரச் செய்யுங்கள். ஊர்தோறும் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய கைகள் சிலவே. அவை அடங்கிய பின் நாம் தேடினால், அளவு தெரிந்தவர் கிடைக்கமாட்டார்.