பொங்கும் புட்டி

மன்மாட் இரயில்வே குடியிருப்பில் எம் அடுத்த வீட்டவர் ஒரு மராத்தியர், கார்டாகப் பணிபுரிந்தவர். சென்ற வைகாசியில் ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் செல்லுமுன், கடைசி மாலை எம் இல்லத்தில் உண்ண இசைந்தார். நாசிக்கிலிருந்து மகன் கொணர்ந்த நுரைக்கும் திராட்சை மதுப்புட்டியொன்றைக் குளிர்விக்குமாறு காலையிலேயே என்னிடம் ஒப்படைத்திருந்தார். யானோ மது அருந்தாதவன். அதனைச் சமையற்கட்டில் வைக்க என் இல்லாள் ஒப்பவில்லை. புட்டி பகலெல்லாம் தாழ்வாரத்து வெப்பத்தில் கிடந்தது.

மாலையில் அவர் வந்து தொட்டுப் பார்த்தார். எனக்கு நாணத்தால் தலை கவிழ்ந்தது. பன்னிரண்டாண்டு நட்புக்கு இதுவா விடை? உறைபெட்டியில் திணிக்க ஓடினேன், தடுத்துவிட்டார். மறந்தால் உறைந்து வெடிக்குமாம். வாளியில் பனிக்கட்டியும் நீரும் பாதிப்பாதி இட்டு, கைப்பிடி உப்பும் தூவி, கழுத்தளவு அமிழ்த்தினார். வெறும் பனிக்கட்டியாயின் இடையிடையே காற்று நிற்கும். நீரோ எங்கும் தழுவும். அரைமணி நேரம் போதுமாம்.

உள்ளே மோட்டார் கார்ச் சக்கரத்தினும் இருமடங்குக்கு மேற்பட்ட அழுத்தம்! குழந்தைகளை விலக்கினோம். அவர் கம்பியைத் தளர்த்தி, துண்டால் மூடி, புட்டியைச் சாய்த்து, தக்கையைப் பற்றிக்கொண்டு புட்டியையே திருகினார். பெருமூச்சுப் போன்றதோர் ஒலி, அவ்வளவே. நீண்ட கண்ணாடிக் கிண்ணம் எம்மிடம் ஏது? எவர்சில்வர் தம்ளரைச் சாய்த்து, விளிம்போரமாக வார்த்துக்கொண்டார். எனக்குப் பன்னீர் சோடா.

சற்றைக்கெல்லாம் என் இல்லாளே சுடச்சுட மிளகு வடை கொணர்ந்து அவர்முன் வைத்தாள்.