சிலம்பம் பயில்வதும் பயிற்றுவதும்

எமது கல்லூரி விளையாட்டிடத்தின் மேற்கு மூலையிலே நிற்கும் வேப்பமரங்களின் கீழ்ச் செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாட்களிலும் பிற்பகல் மூன்று மணிக்குக் கம்போடு கம்பு மோதும் ஒலி எழும். உதைபந்தாட்டத்துக்கும் துடுப்பாட்டத்துக்கும் உள்ள பெயர் சிலம்பத்துக்கு இல்லை. இருபது, இருபத்தைந்து மாணாக்கர் வருவர். அவர்களுட் பாதிப்பேர் ஐந்து மணிக்குத் தனியார் வகுப்புக்கு ஓடவேண்டியவர்கள். இவர்களுக்குப் பொறுப்பாசிரியனாகச் சில ஆண்டுகளாக இருந்து வருகின்றேன். தமிழாசிரியனுக்குக் கம்பு எதற்கு என்று ஆசிரியர் அறையிற் கேலி பேசுவோர் உண்டு. வகுப்பறையிலிருந்து பிரம்பு போய்விட்ட காலத்திலே கைக்கு ஒரு துணை வேண்டாமா என்று சொல்லி நானும் தப்பிக்கொள்வேன். உண்மையை உரைப்பதாயின், கற்றல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை வகுப்பறையிலும் பார்க்க இந்த வேப்பமர நிழலிலேயே தெளிவாகக் காண்கின்றேன். செய்யுளை ஒப்புவித்த மாணவன் அதன் பொருளை உணர்ந்தானா என்பதை அறியப் பரீட்சை வரையிற் காத்திருத்தல் வேண்டும். கம்பைப் பிடித்தவன் கற்றானா இல்லையா என்பதை எதிரே நிற்பவனுடைய கம்பு மறுகணமே சொல்லிவிடும்.

நான் பொறுப்பேற்ற ஆண்டிலே, இல்ல விளையாட்டுப் போட்டியின்போது சிலம்பக் காட்சியொன்று நடைபெற்றது. வெள்ளுடை அணிந்த முப்பது பேர் ஆறு நிரைகளாக நின்றனர். ஆசானுடைய ஒரு சீழ்க்கைக்கு முப்பது கம்புகளும் ஒருசேர எழுந்து, ஒருசேரச் சுழன்று, ஒருசேரத் தாழ்ந்தன. பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினர். காட்சி முடிந்தபின், தம் காலத்திலே சிலம்பம் ஆடிய பழைய மாணவர் ஒருவர் மைதானத்துக்குள் இறங்கி, முன்னிரையில் நின்ற இருவரை அழைத்து, "ஒருவரோடொருவர் எதிர்நின்று ஆடுங்கள், பார்ப்போம்" என்றார். நான்காவது வீச்சோடு ஆட்டம் நின்றுவிட்டது. ஒருவன் இடுப்புக்கு வீசினான். மற்றவனோ தலையைக் காத்து நின்றான். இறங்கிவந்த கம்பு அவன் பெருவிரலிற் பட்டது. மருந்திட்டுக் கட்டும்போது, "ஏன் தம்பி, கம்பு இடுப்புக்கு வந்தது உனக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டேன். "மூன்றாவதுக்குப் பிறகு தலைவீச்சுத்தானே சேர் வரவேணும்?" என்றான் அவன்.

அவன் சோம்பேறி அல்லன். ஒன்றரை ஆண்டு ஒரு நாளும் தவறாது வந்தவன். வரிசையை, அதாவது வீச்சுக்களும் காலடிகளும் ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்த அந்த ஒழுங்கை, அவனைப்போல் அழகாகச் செய்பவர் எவருமில்லை. ஆனால், அடுத்து வருவது இன்னதென்று கை முன்னரே அறிந்திருக்கும் இடத்திலே கண்ணுக்கு வேலை இல்லை. எதிரியின் தோள் எப்பக்கம் சாய்கின்றது, அவன் எக்காலில் நிற்கின்றான், அவன் கம்பு எட்டுமா எட்டாதா என்பன ஒன்றும் வரிசையிலே கற்பிக்கப்படுவதில்லை. அவன் கற்றது ஒரு நீண்ட செய்யுளைப் பிழையின்றி ஒப்புவிப்பது போன்றது. இடுப்புக்கு வந்த வீச்சோ, அச்செய்யுளின் நடுவிலே ஒருவர் எழுந்து கேட்ட கேள்வி.

பவணந்தி முனிவர் 13 ஆம் நூற்றாண்டிலே இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் கற்கும் முறை கூறப்பட்டிருக்கின்றது. அதனைத் தமிழாசிரியர் எல்லோரும் படித்திருக்கின்றோம், படிப்பித்தும் இருக்கின்றோம். ஆசிரிய கலாசாலையிலே கல்வி உளவியல் பயின்ற காலத்தில் எமது குறிப்பேடுகளை மேனாட்டார் பெயர்களே நிரப்பின. பவணந்தியார் இலக்கணப் பாடவேளைக்கு மாத்திரம் உரியவராக ஒதுங்கி நின்றார். அவர் சொல்வது இது: ஆசான் உரைத்ததை எவ்வளவு நன்றாக மனங்கொண்டாலும் மாணாக்கன் அடைவது காற்கூறே. அதே துறையிற் பயில்வாரோடு கூடிப் பழகுவதனால் வருவது மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வருவது. இக்கணக்கை எமது சிலம்பப் பயிற்சிக்கு இட்டுப் பார்த்தால், நாம் மாணாக்கருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது முதற் காற்கூறு மாத்திரமே என்பது தெரியவரும்.

முற்காலத்தில் இவ்வாறு இருக்கவில்லை. எமது ஆசான் எழுபது வயதைக் கடந்தவர். அவர் தமது இளமைக்காலத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கின்றேன். வளவுக்குள்ளே வரிசை பழகியபின், கோயில் திருவிழாவின்போது அயலூரார் வந்து இறங்குவராம். நெட்டையன் வருவான், குட்டையன் வருவான், இடக்கையன் வருவான், வரிசையை மதியாது தன் எண்ணப்படி வீசுகின்றவனும் வருவான். அந்த ஓர் இரவு, முந்திய ஆறு மாதப் பயிற்சியைச் சோதித்துவிடும். கலை பாடசாலை மைதானத்துக்கு வந்தபோது வளவு வந்தது, வரிசை வந்தது, ஆசானும் வந்தார். அயலூரான் மாத்திரம் வரவில்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஒகினாவாத் தீவிலே கராத்தே ஆசானாகிய அங்கோ இதோசு என்பவர் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கலையைப் பாடசாலைகளுக்குக் கொண்டுவந்தார். அதன் பயனைப் பத்து அமிசங்களில் விளக்கி 1908 இல் ஒரு கடிதமும் எழுதினார். இளம் மாணாக்கருக்கென அவர் ஐந்து வரிசைகளை அமைத்தார். வகுப்பு முழுவதையும் ஓர் ஆசிரியர் ஒரே வேளையிற் பயிற்றவேண்டிய இடத்திலே எண்ணிக்கைக்கு அசையும் வரிசையே முதன்மை பெறும். அது பாடசாலையின் இயல்பு, அவரைக் குறைகூறுவதற்கில்லை.

யப்பானிலே யூடோவை வகுத்த ஜிகோரோ கானோ (1860–1938) வேறுவழியிற் சென்றார். அவரும் எம்மைப்போல ஆசிரியர். 1882 இல், ரோக்கியோவிலுள்ள ஒரு பௌத்த ஆலயத்தில், பன்னிரண்டு பாய் விரித்த இடத்திலே ஒன்பது மாணாக்கரோடு தமது பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பின்னர் உயர்தர ஆசிரிய கலாசாலையின் அதிபராகப் பல்லாண்டு விளங்கினார். அவருடைய முதல் ஆசான், இந்த வீழ்த்து எவ்வாறு செய்யப்படுகின்றது என்று கேட்ட போதெல்லாம் விளக்கம் கூறாது அவரையே மீண்டும் மீண்டும் வீழ்த்திக் காட்டினாராம். கானோ தாம் ஆசானானபோது பயிற்சிக்கு நான்கு கால்கள் அமைத்தார்: வரிசை, எதிராளியோடு தடையின்றிப் பொருதல், விரிவுரை, வினாவிடை. மற்போர்க்கூடத்திலே வினாவிடைக்கு இடமளித்தவர் என்பதற்காகவே நான் அவரை வணங்குவேன். வீழ்த்துவதற்கு முன்னர் காயமின்றி வீழ்வதற்குக் கற்பித்தமையால், அவருடைய மாணாக்கர் அச்சமின்றிப் பொருத முடிந்தது. யூடோ 1964 இல் ரோக்கியோ ஒலிம்பிக் விழாவிலே இடம்பெற்றதைப் பலர் அறிவர். அதற்கு அடிப்படையான இந்தச் சிறு ஒழுங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இவற்றையெல்லாம் ஆசானோடு பலநாள் பேசினேன். அவர் எளிதில் இசைந்துவிடவில்லை. "தம்பி, வேர்விடாத மரத்தைக் காற்றுக்கு விடலாமா?" என்றார். அவருடைய அச்சம் நியாயமானதே. ஆகவே கானோவின் வழியை ஒட்டி, முதலிலே காத்துக்கொள்ளுதல் என்று தொடங்கினோம். புதிதாகச் சேர்பவன் முதல் மாதம் வீசுவதில்லை. வரும் கம்பைத் தடுக்கவும், காலெடுத்து விலகவும் மாத்திரம் பழகுவான். எதிர்நின்று ஆடும் கம்புகளின் நுனியிலே பழந்துணி சுற்றிக் கட்டிக் கரித்தூள் தோய்த்து வைத்தோம். பட்ட இடம் சட்டையிலே தெரியும், தகராறு இல்லை. தாய்மாருக்குச் சலவை வேலை கூடியது என்று ஒரு முறைப்பாடு வந்தது. அதன்பின் பழைய சட்டையோடு வரும்படி சொல்லிவிட்டோம்.

அடுத்ததாக, வீச்சுக்களைக் கலந்தோம். முன்னர் ஒரு நாள் முழுவதும் தலைவீச்சு, மறுநாள் இடுப்புவீச்சு, அதற்கடுத்த நாள் கால்வீச்சு என்று பழகினர். இப்போது இருவர் இருவராக நின்று, ஒருவன் மூன்றையும் தன் விருப்பப்படி மாற்றி மாற்றி வீச, மற்றவன் எது வருமென்று அறியாது தடுப்பான். பார்ப்பதற்கு இது அழகாக இருப்பதில்லை. முதல் மூன்று வாரமும் மைதானம் சந்தைபோல் இருந்தது. நன்றாகச் செய்தவர்களும் தடுமாறினர். "இருந்ததும் கெட்டது" என்று ஆசான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவ்வேளையில் எனக்குத் துணை நின்றவை இரண்டு ஆராய்ச்சிகள். 1979 இல் ஷே, மோர்கன் என்னும் இருவர், மரத்தட்டிகளைக் குறித்த ஒழுங்கில் விரைவாகத் தட்டிவீழ்த்தும் மூன்றுவகை அசைவுகளை இரு குழுவினருக்குப் பயிற்றினர். ஒரு குழு ஒவ்வொன்றையும் முடித்தபின் அடுத்ததைப் பழகியது. மற்றக் குழு மூன்றையும் கலந்து பழகியது. பயிற்சி நடக்கும்போது முதற் குழுவே விரைவாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோதோ கலந்து பழகியவர்களே முந்தினர். அதற்கு முந்திய ஆண்டு, 1978 இல், கெர், பூத் என்னும் இருவர் எட்டு வயதுச் சிறுவரைக் கொண்டு நிகழ்த்தியது இன்னும் வியப்பானது. ஒரு பகுதிச் சிறுவர் மூன்றடித் தூரத்துக் குறிக்கே சிறு துணிப்பொதியை எறிந்து பழகினர். மறுபகுதியினர் இரண்டடிக்கும் நான்கடிக்கும் எறிந்து பழகினர். மூன்றடியைத் தொடவே இல்லை. முடிவில் மூன்றடிக் குறியிற் சோதித்தபோது, அத்தூரத்தை ஒருபோதும் பழகாத பகுதியினரே நன்றாக எறிந்தனர். இதனை ஆசானுக்கு விளக்கியபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "இடக்கையனோடு ஆடிய பின்புதான் எனக்கு வலக்கையன் விளங்கினான்" என்றார். அதன்பின் எம்மிடையே பிணக்கு இல்லை.

திருத்தும் சொற்களையும் சற்று மாற்றினோம். "மணிக்கட்டை மடக்கு, முழங்கையை ஒடுக்கு, இடுப்பைத் திருப்பு" என்று சொல்லச் சொல்லச் சிறுவன் மரப்பாவைபோல் விறைத்துப்போவான். "கம்பின் நுனி அந்தக் கிளையைத் தொடட்டும்" என்றால் மணிக்கட்டும் முழங்கையும் தாமே ஒழுங்குக்கு வரும். தன் உடலுறுப்பை நினைப்பதிலும் பார்க்க, அசைவினால் வெளியே விளையும் பயனை நினைத்துப் பழகுபவன் விரைவிற் கற்கின்றான் என்பதை 1998 இல் கப்ரியேல் வுல்ஃபும் அவரோடு சேர்ந்தவர்களும் பனிச்சறுக்கை ஒத்த ஒரு பொறியின் துணைகொண்டு காட்டினர். இதற்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. சிலம்புதல் என்றால் ஒலித்தல். நன்றாக வீசிய கம்பு காற்றிலே ஒருவகையாக ஒலிக்கும். பிழையாக வீசியது ஒலியாது. அந்த ஒலி வரும்வரை வீசு என்று சொல்வதே எங்கள் ஆசானுடைய மிகச் சுருக்கமான பாடம்.

இனிப் பவணந்தியாரின் அரைக்கூறு. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். வரிசையில் எப்போதும் அரைக்கணம் பிந்துவான். அதனால் இரண்டு ஆண்டுகள் காட்சியிலே சேர்க்கப்படவில்லை. மைதானத்தின் ஓரத்திலே மற்றவர்களுடைய செருப்புக்கும் புத்தகப்பைக்கும் காவலாக நின்றான். ஆயினும் பயிற்சிக்கு வருவதை நிறுத்தவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். அவனிடம் ஆறாம் வகுப்புச் சிறுவர் இருவரை ஒப்படைத்து, முதல் நான்கு காலடியையும் நீயே சொல்லிக்கொடு என்றோம். ஒரு வாரத்தில் அவன் ஆசானிடம் கேள்விகளோடு வரத் தொடங்கினான். இடக்கால் ஏன் முன்னே? பின்வாங்கும்போது குதி ஏன் நிலத்திற் படக்கூடாது? சிறுவர் கேட்டார்கள், தனக்கு விடை தெரியவில்லை என்றான். இரண்டு ஆண்டுகளில் அவன் வாய்திறந்து கேட்ட முதற் கேள்விகள் அவை. சிறந்த ஆட்டக்காரனாக அவன் ஆகிவிட்டான் என்று எழுதினால் அது கதையாகிவிடும். வேகத்தில் இன்றும் பிந்தியவனே. ஆனால் எதிர்நின்று ஆடும்போது அவன் சட்டையில் கரி படுவது குறைவு. பிந்துகின்றவன் எதிரியை உற்றுப் பார்க்கப் பழகியிருக்கின்றான்.

இந்த மலர் வெளிவரும் விழாவிலும் சிலம்பக் காட்சி வேண்டும் என்று விழாக்குழுவினர் கேட்டனர். அறுபது பேர், ஒரே நிரை, ஒரே அசைவு, இருபது நிமிடம். புகைப்படத்துக்கு அழகாக இருக்கும் என்பது மெய்யே. ஆனால் அறுபது பேரை ஒன்றாக அசைப்பதற்கு மூன்று மாதம் எதிராட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும். பிந்துகின்றவர்கள் மீண்டும் செருப்புக்குக் காவல் நிற்பர். நான் சொல்லத் தயங்கிய இதனைக் கூட்டத்திலே ஆசானே எழுந்து சொன்னார். ஒரு வகையான உடன்பாடு ஏற்பட்டது. முதல் ஐந்து நிமிடம் வணக்கமும் வரிசையும். அதிலே வருகின்ற எல்லோரும் நிற்பர். அரைக்கணம் பிந்தினாற் பிந்தட்டும். மிகுதி நேரம், சீட்டெடுத்துச் சோடி சேர்த்து எதிராட்டம். கைதட்டல் சற்றுக் குறையலாம். கம்பு தவறி விழவுங் கூடும். பழைய மாணவர்கள் பொறுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கம்புகளை இப்போது தண்ணீரிலே ஊறவிட்டிருக்கின்றோம். ஆடுபவனுடைய நெற்றி உயரத்துக்குக் கம்பு வெட்ட வேண்டும். வளரும் பிள்ளைகளாதலால் ஆண்டுதோறும் இந்த வேலை உண்டு. இம்முறை பன்னிரண்டு கம்புகள் மேலதிகமாக வெட்டும்படி ஆசான் சொன்னார். அயற் பாடசாலையிலிருந்து பன்னிருவர் எதிராட வருகின்றனர். அவர்களுள் இருவர் இடக்கையர் என்று கேள்வி. எமது மாணாக்கருக்கு அதனை நாங்கள் இன்னும் சொல்லவில்லை.