கண்ணும் கண்ணாடியும்

நமது கண்ணில் குறை இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது நமது தொண்டைதான். காசிமேட்டிலிருந்து வந்த சங்கரா மீனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல் நாமே முள் நீக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கிவிட்டதாக நாம் நினைத்த முள் ஒன்று நீங்கவில்லை. நான்கு சோற்று உருண்டைகளும், இரண்டு வாழைப்பழங்களும், வீட்டாரின் உபதேசங்கள் அளவின்றியும் உள்ளே சென்ற பிறகே அது இறங்கிற்று.

"உங்களுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது" என்று தீர்ப்புக் கூறினாள் நமது மனைவி.

தீர்ப்பு சரியானதே. நாற்பது வயதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை தன் இளக்கத்தை இழக்கிறது. அருகிலுள்ள பொருளைப் பார்ப்பதற்கு முன்போல் அது வளைந்து கொடுப்பதில்லை. இது நோயன்று; நரையைப் போல எல்லோருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் கண் மேலும் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது வீண் பயம். போட்டாலும் போடாவிட்டாலும் வயது ஏறத்தான் செய்யும்.

நாம் வசிக்கும் இராயபுரத்தில் கண்ணாடிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றில் புகுந்தோம். ஒரு யந்திரத்தின்மேல் முகவாயை வைக்கச் சொன்னார்கள். நீண்ட சாலையின் கோடியில் ஒரு பலூன் தெரிந்தது, மங்கியது, மறுபடி தெளிந்தது. யந்திரம் ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது. அரை மணி நேரத்தில் கண்ணாடி தயார்! மறு ஞாயிற்றுக்கிழமை மீன் முட்கள் பனைமரங்களைப் போல் காட்சியளித்தன. கண் பரிசோதனை முடிந்துவிட்டது என்று மனநிறைவு அடைந்தோம். அந்த மனநிறைவு எவ்வளவு அபாயகரமானது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நமது தமையனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், திருவொற்றியூரில் வசிக்கிறார். அந்தரத்தில் உட்கார்ந்துகொண்டு, கீழே கயிற்றில் விழுந்த முடிச்சைக் கண்டுபிடித்துச் சத்தம் போடக்கூடிய கண்கள் அவருடையவை. அப்படிப்பட்டவர் வீட்டு நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கினார். தேரடி அருகே இடப்பக்கமாக வந்த சைக்கிள்காரர்மேல் மோதினார். "தம்பி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மணி அடிக்கவே தெரியவில்லை" என்றார். இரண்டு வருஷத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றினார். ஒவ்வொரு தடவையும் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை வாசித்தார். கடைக்காரர்களும் கண் பேஷாக இருக்கிறது என்றார்கள்.

முடிவில் ஒரு டாக்டர் அவருடைய கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்வை நரம்பைப் பார்த்தார். வியாதி, கிளாக்கோமா. கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தால் நரம்பின் இழைகள் சிறுகச் சிறுக மடிகின்றன. முதலில் போவது ஓரப் பார்வை; நடுப் பார்வை கடைசிவரை இருக்கும். அதனால்தான் எழுத்துக்களை வாசிக்க முடிந்தது. சைக்கிள் மட்டும் தெரியவில்லை. பெரும்பாலோருக்கு வலியில்லை, சிவப்பில்லை. போன பார்வை திரும்பாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தால் காக்கலாம்.

"உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? எல்லோரையும் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றாராம் டாக்டர். இந்த வியாதி குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அன்று மாலையே தமையனார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, நாளைக் காலை நீ எழும்பூருக்குப் போகிறாய். மறுபேச்சுப் பேசாதே" என்றார்.

எழும்பூர் அரசாங்கக் கண் வைத்தியசாலை 1819-ஆம் ஆண்டில் தோன்றியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் வைத்தியசாலை 1805-இல் தொடங்கியது என்றால், நம் நகரம் எவ்வளவு சீக்கிரம் விழித்துக்கொண்டது என்று பாருங்கள்! இங்கே தலைவராயிருந்த எலியட் என்னும் டாக்டர், விழியின் வெள்ளைப் பகுதியோரம் சிறு துளையிட்டு உள்நீர் வடிய வழி செய்யும் சிகிச்சையை 1909-இல் உலகுக்கு அறிவித்தார். எந்த வியாதிக்கு? தமையனாருக்கு வந்த அதே கிளாக்கோமாவுக்குத்தான். பிற்காலத்தில் அதனினும் செம்மையான முறைகள் வந்துவிட்டன. ஆயினும், உலகத்துக்கு வழி காட்டிய ஊரில் இருந்துகொண்டு, நாம் ஒரு துண்டுச் சீட்டோடு திருப்தியடைந்திருந்தோமே என்று வெட்கமாயிருந்தது.

அங்கே பரிசோதனை அரை நாள் நடந்தது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் எழுத்துக்களை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு சோதனைக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடப் பரீட்சை எழுதுகிறவனைப் போல் நாம் ஊகித்துப் பதில் சொன்னோம். "தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்" என்று திருத்தினார்கள். யந்திரம் காட்டும் எண் ஆரம்பம் மாத்திரமே. முடிவு செய்ய வேண்டியது நோயாளியின் வாய்மொழி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் திசை மாறிய குறிகளைக் கொண்ட பலகை உண்டு; கையால் திசையைக் காட்டினால் போதும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிறகு கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். பெரும்பாலோருக்கு அது 21-ஐத் தாண்டுவதில்லை. நமது இடக் கண்ணில் 26! அழுத்தம் சரியாயிருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகையால் நரம்பையும் பார்த்தாக வேண்டும். அதற்காகக் கண்மணியை விரிக்கும் மருந்தை விட்டார்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும். பத்திரிகை படிக்க இயலாது. அன்று மோட்டார் சைக்கிளில் ஏறி எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வீடு திரும்பலாம் என்று எண்ணாதீர்கள். துணைக்கு ஓர் ஆளை அழைத்துச் செல்லுங்கள். கடைசியில், மினுக்கும் ஒளிப்புள்ளி தென்படும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி ஓரப் பார்வையைச் சோதித்தார்கள். நமது பார்வை இன்னும் முழுமையாக இருந்தது. நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். இப்பொழுது தினமும் இரவில் ஒரு சொட்டு மருந்து, குறித்த நாளில் மறு பரிசோதனை, அவ்வளவுதான்.

நேயர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். பரிசோதனைக்குப் போகும்போது பழைய கண்ணாடியையும், சாப்பிடும் மருந்துகளின் சீட்டையும் கொண்டு போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்போதே கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் சர்க்கரை ஏறி இறங்குவதற்கேற்பக் கண்ணாடியின் எண்ணும் மாறும். வருஷந்தோறும் விழித்திரையையும் காட்ட வேண்டும். குழந்தைகள் தங்களுக்குப் பார்வை குறைவு என்று தாமாகச் சொல்ல மாட்டார்கள். உலகமே மங்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்து, சிறு வயதிலேயே திருத்தாவிட்டால், அது சோம்பிப்போய்விடும். பிறகு எந்தக் கண்ணாடியாலும் எளிதில் சீராகாது.

எழுதிக் கொடுத்த சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரு கண்மணிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். அது தவறினால் எண் சரியாயிருந்தும் தலைவலி வரும். புதுக் கண்ணாடி பழக ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதற்கு மேலும் தொல்லை கொடுத்தால் சகித்துக்கொண்டிராமல் திரும்பப் போங்கள். எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளில் இரும்பு அறுப்பவர்களும் பற்றவைப்பவர்களும், பார்வைக்கான கண்ணாடி தீப்பொறிக்கும் காவல் என்று நம்பலாகாது. அதற்குரிய தனிக் கண்ணாடி வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணாடி வாங்கியதைக் கண்ணைப் பார்த்துக்கொண்டதாக எண்ணலாகாது.

வெள்ளிக்கிழமைகளில் தமையனாருடன் திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போகிறோம். சங்கிலியாருக்கு மகிழமரத்தடியில் கொடுத்த வாக்கை மீறி எல்லையைத் தாண்டிய சுந்தரர், பார்வையை இழந்தது இந்த ஊரில்தான். அவருக்குக் காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைத்தன என்கிறது புராணம்.

"அவர் தம்பிரான் தோழர், கேட்டு வாங்கிவிட்டார். நமக்கு அந்தச் சலுகை இல்லை, தம்பி" என்று சிரிக்கிறார் தமையனார். பிராகாரத்தைச் சுற்றும்போது நாம் அவருக்கு இடப்பக்கமாகவே நடக்கிறோம்.