நூலில் எழுந்த நாலாவது இதழ்

ஆகஸ்ட் முதல் ஞாயிறு நெருங்கினால் தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக் கடைகளில் ராக்கிக்குப் பக்கத்திலேயே ஃப்ரெண்ட்ஷிப் பேண்டும் தொங்கும். ஐ.நா. சபை 2011-இல் ஜூலை 30-ஐ நட்பு தினமாகக் குறித்தது. மும்பைக் கல்லூரிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவற்றுக்கு நட்பு தினம் அந்த ஆகஸ்ட் ஞாயிறுதான். 1998-இல் வந்த ‘குச் குச் ஹோதா ஹை’ படம் பேண்ட் கட்டும் ஆசையை மூட்டிவிட்டது. அது இன்னும் அடங்கவில்லை.

அந்த ரோட்டை ஒட்டிக் குடியிருக்கும் ஒரு கல்லூரி மாணவிக்குக் கடைப் பேண்ட் பிடிக்கவில்லை. செம்பூரில் இருக்கும் தோழிக்கு, நடுவில் பூ ஒன்று நிமிர்ந்து நிற்கும் பேண்டைத் தன் கையாலேயே முடிந்து தர நினைத்தாள். எம்ப்ராய்டரி நூல் ஒரு கண்டு எட்டு மீட்டர். மணிக்கட்டுக்கு ஒரு ஜாண் போதும்தான், ஆனால் முடிச்சு நூலைத் தின்னும். இழைக்கு ஒரு மீட்டராவது வெட்ட வேண்டும்.

பார்க்க எளிய வேலை. இடது இழையை வலது இழைமேல் 4 என்ற எண்போல மடித்து, அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். அதையே இன்னொரு தரம். இரண்டு சுருக்கு சேர்ந்தால் ஒரு முடிச்சு. எந்தக் கோலம் போட்டாலும் இதன் திருப்பங்கள்தான். சிக்கல் பூவில் இருக்கிறது. ஒவ்வொரு இதழுக்கும் இழைகளை இரண்டாகப் பிரித்து, இடமும் வலமுமாக வளைத்து முடிந்து நுனியில் சேர்க்க வேண்டும். உள்ளே ஓடும் இழையைக் கொஞ்சம் இறுக்கினால் இதழ் குழிந்து எழும். தளர்ந்தால் தோசைபோலப் படுத்துவிடும்.

அவளுக்கு முதல் மூன்றும் தோசை.

பக்கத்தில் ஆச்சி மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்கு வீட்டிலிருந்தே பூ கட்டிக் கொடுக்கிறாள்.

“ஏட்டி, நூலை இழுக்கியா, பூவை இழுக்கியா?”

மல்லிகைக்கும் அதே கணக்குதான்: இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு சுருக்கு. இழுப்பு கூடினால் காம்பு அறும். குறைந்தால் லோக்கல் வண்டி நெரிசலில் பாதிப் பூ கொட்டிவிடும். ஆச்சி பேத்தியின் நூலை மேசையில் ஒட்டியிருந்த டேப்பிலிருந்து பிய்த்து, அவள் கால் பெருவிரலில் மாட்டினாள். எவ்வளவு இழுக்கிறோம் என்று இப்போது காலே சொன்னது. நாலாவது இதழ் எழுந்தது. ஐந்தாவதும்.

முதல் மூன்றுக்காக எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி முடிய அவளுக்கு இரண்டு மாலை பிடித்தது. ஆச்சி அதற்குள் ஒரு கூடை மல்லிகையைக் கட்டி அனுப்பியிருந்தாள். நூல் பூவைக் கைவினை என்று சொல்லிக் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துகிறார்கள். பூக்கட்டுகிறவளுக்கு அப்படி ஒரு பெயர் கிடைப்பதில்லை, கட்டிய அளவுக்குக் கூலி மட்டும். இது கொஞ்சம் எரிச்சலான விஷயம்தான்.

பேண்ட் முடியப் பழக விரும்புகிறவர்கள் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி, ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கத்துப் பூக்கடைகள் முன் ஐந்து நிமிடம் நின்று விரல்களைப் பாருங்கள். சும்மா நிற்க வேண்டாம், ஒரு முழம் வாங்குங்கள். அது யார் கை முழம் என்ற சண்டை மட்டும் வேண்டாம்.