உள்ளங்கால்

கோடையில் செவ்வாயும் வெள்ளியும் விடிய, முதலாளியின் வானில் ஜான்-டலோன் சந்தைக்குப் போவேன். சோஸ் காய்ச்சுவதற்குப் பத்துப் பன்னிரண்டு பெட்டி தக்காளி ஏற்ற வேண்டும். 1933இல் தொடங்கிய பழைய சந்தை. பண்ணைகளிலிருந்து வந்து விற்கும் பெட்டைகள் கையில்லாச் சட்டையோடு வெயிலுக்கு முகங்கொடுத்து நிற்பார்கள். ஓகஸ்ட் வர அவர்களுடைய தோளும் தக்காளியும் ஒரே நிறம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிழல் கரையாகப் போவேன். "வெயிலுக்கை நில்லாதை, கறுத்துப் போவாய்" என்று கேட்டு வளர்ந்த உடம்பு அல்லவா.

எங்கள் றெஸ்ரோரன்றில் மேசை பார்க்கும் கியூபெக்காரி ஒருத்தி, பதினாறு வயதிலிருந்தே காசு கட்டித் தோலைக் கறுப்பாக்கியவள். மின்விளக்குக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்தால், குளிர்காலத்திலும் கியூபாவுக்குப் போய்வந்த நிறம் வந்துவிடுமாம். 2009இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அந்தக் கட்டில்களைப் புகையிலையோடு ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அவற்றைத் தடைசெய்யும் கியூபெக் சட்டம் 2013இல்தான் வந்தது. அதற்குள் அவளுக்கு வயது கடந்துவிட்டது.

"உனக்கு இது இலவசமாகக் கிடைத்திருக்கிறது" என்று என் கையைக் காட்டிச் சிரிப்பாள். ஊரில் என் மச்சாள்மார் வெள்ளையாவதற்குப் பூசிய கிறீம்களின் கதையை நான் அவளுக்குச் சொல்லவில்லை. கடவுள் தந்த தோலோடு சமாதானமாக இருக்கிற ஒருத்தரையும் நான் இன்னும் காணவில்லை.

போன வசந்தத்தில் அவளுடைய கெண்டைக்காலில் இருந்த மச்சம் ஒன்றை வெட்டி எடுத்தார்கள். மெலனோமா. ஆழம் போகமுன் பிடித்ததால் வெட்டோடு முடிந்தது. வேலைக்குத் திரும்பியவள் குசினிச் சுவரில் ஒரு கடதாசியை ஒட்டினாள். மச்சத்தின் ஒரு பாதி மற்றப் பாதியைப் போல இல்லையா, ஓரம் கிழிந்த மாதிரியா, பல நிறமா, ஆறு மில்லிமீற்றருக்கு மேலா, மாறிக்கொண்டு வருகிறதா? "நீயும் பார்" என்றாள்.

"எங்களுக்கு அது வராது. மெலனின்" என்றேன். யாழ். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு நின்றவன் நான். பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய விடை அது.

சொன்ன பிறகுதான் மாமாவின் நினைப்பு வந்தது.

மாமா வெங்காயத் தோட்டக்காரர். செம்பாட்டு மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர். குதிக்காலில் ஒரு கறுப்பு. முள்ளுக் குத்தினது என்றார். பிறகு ஆணி என்றார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினார். ஒன்றரை வருடம். கவட்டில் நெறி கட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை பூட்டுப்பட்டது. கப்பலுக்கு அனுமதி எடுத்து மகரகமைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது ஈரல்வரை போய்விட்டது. துண்டில் எழுதியிருந்த சொல்லை வாசித்துச் சொன்னவன் நான்தான். பாதையையும் யுத்தத்தையும் நாங்கள் குறை சொன்னோம். பொய்யில்லை. ஆனால் அந்த ஒன்றரை வருடம் பாதை திறந்துதான் இருந்தது.

கறுத்த தோலில் மெலனோமா அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில்தான் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. இந்த வகை வெயிலால் வருவதாகத் தெரியவில்லை. பொப் மார்லிக்குப் பெருவிரல் நகத்தின் கீழ் வந்தது. பந்தடித்த காயம் என்று நினைத்திருந்தார்கள்; 1977இல் இன்னதென்று தெரிந்தது; 1981 மே மாதம், முப்பத்தாறு வயதில் செத்துப்போனார். எங்கள் குசினி றேடியோவில் அவருடைய பாட்டுப் போகாத நாளில்லை.

அன்றிரவு குளியலறையில் இருந்து, சவரக் கண்ணாடியைக் காலுக்குக் கீழே பிடித்தேன். இடது காலில், விரல்களுக்குச் சற்றுக் கீழே, உழுந்தளவில் ஒரு கறுப்பு. எப்போது வந்தது? தெரியாது. முகத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பார்க்கிறேன். பன்னிரண்டு மணித்தியாலம் என்னைச் சுமக்கிற காலைப் பார்த்ததேயில்லை.

எனக்குக் குடும்ப வைத்தியர் இல்லை. 811க்கு அடித்து, அவர்கள் சொன்ன இடத்துக்குப் போய், அங்கிருந்து தோல் வைத்தியரைக் காண நாலு மாதம். விளக்குப் பூட்டிய பூதக்கண்ணாடியால் பார்த்து, துண்டு வெட்டி அனுப்பினார். முதலாளிக்குச் சொல்லவில்லை. தையல் போட்ட காலோடு நின்று கோப்பை கழுவினேன். பதினாறாம் நாள் தொலைபேசி வந்தது. வெறும் மச்சம்.

அன்று பின்னேரமே அம்மாவுக்கு வீடியோவில் எடுத்தேன்.

"அம்மா, உங்கடை உள்ளங்காலை ஒருக்காக் காட்டுங்கோ."

"என்னடா விசர்க்கதை? பெத்த பிள்ளைக்கு ஆரும் காலை நீட்டிக் காட்டுவினமே?"

"மாமாவுக்கு வந்தது, அம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு போன் ஆடியது. கூரை தெரிந்தது, சுவர் தெரிந்தது. கடைசியில் திரை நிறைய அம்மாவின் குதிக்கால். வெடிப்பு வெடிப்பாக, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் செம்பாட்டு மண்.

"வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்கோ" என்றேன். "விரலிடுக்குகளையும் விரிச்சுக் காட்டுங்கோ."