வில்லையில் எழுதியிருப்பதை நம்பலாமா?

எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைப் பெற்ற உலாவி அடுத்த நொடியே இன்னொன்றைக் கேட்டாலும், சர்வருக்கு அது முன்பின் அறியாத வருகைதான். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மாண்டுலி இதற்குக் கண்ட தீர்வே குக்கி. எம்சிஐ நிறுவனத்துக்காக அப்போது ஓர் இணைய வணிகச் செயலி உருவாகிக்கொண்டிருந்தது. பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க எம்சிஐ விரும்பவில்லை. ஆகவே அந்தச் சுமை வாங்குபவரின் கணினிக்கே மாற்றப்பட்டது. குக்கி என்றவுடன் விளம்பர நிறுவனங்களின் வேவுதான் இன்று நினைவுக்கு வருகிறது. ஆனால் நிரலாளருக்கான சிக்கல் அதற்கும் முந்தையது: தன் ஞாபகத்தை அந்நியரிடம் கொடுத்துவைத்த சர்வர், அது திரும்பி வரும்போது எப்படி நம்புவது?

இயக்கம் எளிது. சர்வர் தன் பதிலின் தலைப்பில் ‘செட்-குக்கி’ என்றொரு வரியை அனுப்புகிறது. உலாவி அதைச் சேமித்து, பின்வரும் ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்புகிறது. தலைப்பு என்பதால் பக்கத்தின் முதல் எழுத்துக்கு முன்பே அது போயாக வேண்டும். பிஎச்பி கற்கும் மாணவர்கள் முதலில் இடறும் இடம் இது. இரண்டாவது இடறல், இப்போது அனுப்பிய குக்கியை அதே கோரிக்கையிலேயே படிக்க முயல்வது. அது அடுத்த கோரிக்கையில்தான் வந்து சேரும். இவ்விரண்டும் ஒரு மாலைப் பொழுதில் தீரும் தொல்லைகள்.

தீராத தொல்லை வேறு. கோயில் வாசலில் செருப்புகளைக் காப்பவர் எண் பொறித்த ஒரு வில்லையைத் தருகிறார். செருப்பு அவருடைய அடுக்கில் இருக்கிறது. பக்தரின் கையில் இருப்பது வெறும் எண். செஷன் முறையும் இதுவே: குக்கியில் ஊகிக்க முடியாத ஓர் அடையாள எண், விவரமெல்லாம் சர்வரில். மாறாக, வில்லையிலேயே ‘புதிய தோல் செருப்பு’ என்று எழுதிக்கொடுத்து, எழுதியிருப்பதைப் படித்தே எடுத்துத் தருபவராக அவர் இருந்தால், பழைய ரப்பர் செருப்போடு வந்தவர் பேனாவைத் தேடத்தானே செய்வார்? குக்கியில் ‘பயனர் வகை: மாணவர்’ என்று எழுதிவைக்கும் நிரல் செய்வது அதைத்தான். உலாவியிலேயே உள்ள நிரலாளர் கருவியைத் திறந்து அச்சொல்லை ‘ஆசிரியர்’ என்று மாற்ற அரை நிமிடம் போதும். மதிப்பெண் பதியும் பக்கம் திறந்துவிடும்.

சான்று கேட்காத நம்பிக்கையின் விலையைப் புனே அறியும். பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் கணேஷ்கிண்ட் சாலையிலேயே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் தலைமையகம் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 11ஆம் நாள், சனிக்கிழமை, அவ்வங்கியின் பெயரால் 28 நாடுகளின் ஏடிஎம்களில் சுமார் 78 கோடி ரூபாய் சில மணி நேரத்தில் எடுக்கப்பட்டது. இந்தியாவுக்குள் எடுத்ததும், 13ஆம் நாள் ஸ்விஃப்ட் வழியே ஹாங்காங்குக்குப் போனதும் சேர்த்து இழப்பு சுமார் 94 கோடி. அங்கே குக்கி எதுவும் இல்லை. தாக்குதலின் நுட்பம் முற்றிலும் வேறு. வங்கிக் கணக்கேட்டைக் கேட்டுச் சொல்ல வேண்டிய சுவிட்சின் இடத்தில் ஒரு போலிச் சுவிட்ச் அமர்ந்து, எவரையும் கேட்காமல் ‘ஆம்’ என்றது. எனினும் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிழைகள்: அடுக்கைப் பாராமல் வில்லையை நம்புவது.

சர்வர் தன் இரகசியத் திறவுகோலால் கணித்த எச்மேக் முத்திரையைக் குக்கியோடு இணைத்தால், எழுத்தைத் திருத்தியவர் அகப்படுவார். ஆனால் முத்திரை திருத்தத்தைத்தான் காட்டும், திருட்டைக் காட்டாது. வில்லையைக் கொண்டுவருபவருக்கே செருப்பு. 2010இல் வெளிவந்த ஃபயர்ஷீப் என்னும் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, பொது வைஃபையில் மறையாக்கமின்றிப் பறந்த குக்கிகளைப் பிடித்து, பக்கத்து மேசைக்காரரின் கணக்கில் எவரும் நுழையலாம் எனக் காட்டியது. குக்கியை மறையாக்கப்பட்ட வழியில் மட்டும் அனுப்பச் சொல்லும் ‘செக்யூர்’, ஜாவாஸ்கிரிப்டின் கண்ணிலிருந்து அதை மறைக்கும் ‘எச்டிடிபி-ஒன்லி’, பிற தளங்கள் தூண்டும் கோரிக்கைகளோடு அது செல்வதைக் கட்டுப்படுத்தும் ‘சேம்-சைட்’ ஆகிய பண்புகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்பவர்கள், ஒவ்வொன்றும் எந்தத் திருட்டுக்கு எதிராக வந்தது என்பதையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

வெளியேறும் பொத்தானிலும் இதே கேள்வி இருக்கிறது. காலாவதி நாளைக் கடந்த காலத்துக்கு மாற்றி அனுப்பினால் உலாவி குக்கியை நீக்கிவிடும். பல நிரல்கள் அத்தோடு நின்றுவிடுகின்றன. முன்பே நகலெடுத்து வைத்திருப்பவரிடம் அந்த எண் இன்னும் இருக்கிறது. சர்வரின் அடுக்கில் அந்த எண்ணுக்குரிய பதிவை அழிக்கும்வரை அது செல்லுபடியாகும்.